கொம்பு நிற்கும் இடம்

2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் லினக்ஸில் தமிழ் படித்தவர்களுக்கு இந்தக் காட்சி நினைவிருக்கும். ‘கெடு’ என்ற சொல்லில் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டியிருக்கும். ‘கு’ ஒரே எழுத்தாகச் சேராது. ககரம் தனி, உகரக் குறி தனி. யூனிகோடில் மெய்தான் முதலில் வரும், உயிர்க்குறி அதன் பின்னால். கொம்பை முன்னுக்குக் கொண்டுவருவதும் உகரத்தைச் சேர்த்து எழுதுவதும் எழுத்துகளைக் கோக்கும் லைப்ரரியின் பொறுப்பு. லினக்ஸின் க்னோம் பணிச்சூழல் மென்பொருள்களுக்கு அந்த வேலையைச் செய்தது பாங்கோ.

மொசில்லா அப்போது லினக்ஸுக்கு வெளியிட்ட ஃபயர்பாக்ஸில் பாங்கோ சேர்க்கப்படவில்லை. மூலநிரலில் அதற்கு வழி இருந்தது: கம்பைல் செய்யும்போது ‘எனேபிள்-பாங்கோ’ என்று ஒரு வரி. லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான ஃபெடோரா தன் பேக்கேஜை அந்த வரியோடு கட்டியது. ஒரே உலாவி, ஒன்றில் தமிழ் ஒழுங்காக வரும், மற்றொன்றில் சிதறும். பாங்கோவால் உலாவி மெதுவாகிறது என்று குறைப்பட்டவர்களும் உண்டு. அவர்கள் அணைத்துவைக்க ஒரு சூழல் மாறி இருந்தது. ஒருவருக்கு வேகத்தடை, எனக்கு எழுத்து. 2008இல் வந்த ஃபயர்பாக்ஸ் 3 பாங்கோவைக் கட்டாயமாக்கிய பிறகே இந்தப் பிரிவினை ஓய்ந்தது.

அந்த நாட்களில் இரவு முழுக்கக் கம்பைல் ஓடும். பாங்கோ வேண்டுமென்றால் க்ளிப் வேண்டும், ஃப்ரீடைப் வேண்டும், ஃபான்ட்கான்ஃபிக் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ‘டெவல்’ பேக்கேஜ் தனி. ஆனாலும் கம்பைலுக்கு முன் ஓடும் ‘கான்ஃபிகர்’ நிரல் மீது எனக்கு இன்றும் மரியாதை உண்டு. எது இருக்கிறது, எது இல்லை என்று வரி வரியாகத் திரையில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகும். ‘பாங்கோ: இல்லை’ என்று பார்த்தவனுக்குத் தமிழ் வராது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

இன்று நான் கம்பைல் செய்வது அரிது. சான்றிதழ்ப் படத்தின் மேல் தமிழ்ப் பெயர்களை அச்சிடப் பைத்தானின் பில்லோ லைப்ரரியை நிறுவினால் சில நொடிகளில் ஆயத்தமாகக் கட்டிய கோப்பு வந்து இறங்குகிறது. 8.2 பதிப்பிலிருந்து அந்தக் கோப்பிலேயே எழுத்துக் கோக்கும் ராக்ம் லைப்ரரி இருக்கிறது. தேவையானது உள்ளே இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் ராக்ம் இயங்க ஃப்ரிபிடி வேண்டும். அதைப் பில்லோ கம்பைல் நேரத்தில் இணைக்காமல், ஓடும் நேரத்தில் கணினியில் தேடுகிறது. லினக்ஸ் மேசைக் கணினியில் பெரும்பாலும் அகப்படும். சர்வரில் ஏற்றும் மெலிந்த கன்டெய்னரில் அகப்படாமல் போகலாம். கிடைக்காவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. பில்லோ எளிய முறைக்கு இறங்கி, கொம்பைப் பின்னால் தள்ளி அச்சிட்டுவிடும்.

ஃப்ரிபிடியின் வேலை அரபு, ஹீப்ரு போல வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கானது. தமிழுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அது இல்லாததால் தமிழ் உடைகிறது. சார்புகளின் சங்கிலி எவ்வளவு தூரம் நம் கண்ணிலிருந்து விலகிவிட்டது என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான சான்று இல்லை. சான்றிதழில் தன் பெயரைக் கோணலாகப் பார்க்கும் மாணவிக்கு இதில் எதுவும் தெரியப்போவதில்லை. அவளுடைய பெயரைச் சரியாக எழுதுவது நம் கடமை. அதனால் கன்டெய்னர் கட்டும் கோப்பில் ஃப்ரிபிடியைப் பெயர் சொல்லி நிறுவுகிறேன். ராக்ம் இருக்கிறதா என்று பில்லோவிடமே கேட்டு, இல்லையென்றால் கட்டுமானத்தை அங்கேயே நிறுத்துகிறேன்.

காணொளிக் கருவியான எஃப்எஃப்எம்பெக் 2023இல் வெளியிட்ட 6.1 பதிப்பில் எடுத்த முடிவை அதனால்தான் வரவேற்கிறேன். காணொளியின் மேல் எழுத்து வரையும் ‘ட்ராடெக்ஸ்ட்’ வடிகட்டிக்கு, எழுத்துக் கோக்கும் ஹார்ஃப்பஸ் லைப்ரரி அதில் கட்டாயம். அது இல்லாமல் கம்பைல் செய்தால் அந்த வடிகட்டியே இருக்காது. கூப்பிட்டால், அப்படி ஒன்று இல்லை என்று சொல்லி வேலை நின்றுவிடும்.