சீனியும் சீவசக்தியும்

கேள்வி: ஐயா, சீனி கூடினால் தேத்தண்ணியின் செறிவு கூடும் என்கிறார் எங்கள் ஆசிரியர். அதைக் குடித்துவிட்டுத்தான் அம்மா கொழுந்துக்குப் போகிறார். அந்தச் செறிவா சக்தியாகிறது?
– மாணவி, ஹட்டன்

பதில்: செறிவு அன்று, மகளே, சீனியே சக்தியாகிறது. 10 கிராம் சீனி கரைந்த 200 மில்லிலீற்றர் தேத்தண்ணியின் செறிவு நூற்றுக்கு 5; சுக்குரோசின் ஒரு மூல் 342 கிராம் ஆகையால், லீற்றருக்குச் சுமார் 0.15 மூல். திடீரென வந்த விருந்தாளிக்காக அதில் இன்னொரு கோப்பை வெந்நீரை வார்த்தால் செறிவு பாதியாகுமேயன்றி, பாத்திரத்திலுள்ள சீனி அணுவளவும் குறையாது.

குடலில் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் பிரிந்து இரத்தத்தில் கலக்கும் அச்சீனி, கலங்களுக்குள் சிதைந்து, இழைமணிகளில் பிராணவாயுவின் சகாயத்தால் முற்றாக எரிந்து, ஏ.ரி.பி. (ATP) என்னும் சக்திக் கூடையை நிரப்புகிறது. மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொட்டியபின் வெறுங்கூடை மீண்டும் மலைக்கு ஏறுவதுபோல, தசைக்குச் சக்தியைக் கொடுத்து ஏ.டி.பி.யாக (ADP) மாறிய அம்மூலக்கூறு திரும்பத் திரும்ப நிரப்பப்படுவதனாலேயே, எக்கணத்திலும் நூறு கிராமளவுக்குமேல் இராத அப்பொருள், ஒரு நாளில் நம் தேக நிறைக்கு ஈடான அளவு புழங்கிவிடுகிறது. என்ன அற்புதமான சிக்கனம்!

ஆயினும் 10 கிராம் சீனி தருவது 40 கிலோகலோரி மட்டுமே. நாள் முழுதும் செங்குத்துச் சரிவில் நிற்கும் அம்மாவை வெறுந்தேத்தண்ணியோடு அனுப்பிவிடாதே. ரொட்டியும் கட்டிக் கொடு.