மாப்ளே, உன் தொட்டியில எத்தனை கண்டம்?

வா மாப்ளே, உக்காரு. ஹால்ல ரெண்டடித் தொட்டி வச்சு, நீல விளக்குப் போட்டு, ‘சவுத் அமெரிக்கன் சிக்லிட் டேங்க்’னு வர்றவன் போறவன்கிட்ட எல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கியாமே! அக்கா போன்ல சொல்லும்போதே எனக்கு நெஞ்சு பூரிச்சுப்போச்சு. நம்ம வகையறாவில அமெரிக்கா பக்கம் தலைவச்சுப் படுத்தவன்கூட ஒருத்தன் கிடையாது. நீ அங்க ஓடுற ஆத்தையே கொண்டாந்து டிவிக்குப் பக்கத்துல வச்சுட்டே.

நீ அனுப்பின போட்டோவை மூக்குக்கண்ணாடி போட்டு நல்லாப் பாத்தேன். மொத்தம் அஞ்சு வகை மீனு. முதலாவது ஜாக் டெம்ப்சி. குத்துச்சண்டைக்காரர் பேரை வாங்கினவன், குணமும் அதேதான். ஆனா அவன் பூர்வீகம் மெக்சிகோ, ஹோண்டுராஸ் பக்கம். தென்னமெரிக்காவுக்கு விருந்தாடியாக்கூடப் போனது இல்லை. ரெண்டாவது, மஞ்சக்குளிச்ச மாப்பிள்ளை, ‘எலக்ட்ரிக் யெல்லோ’. அவன் ஆப்பிரிக்காவில மலாவி ஏரிக்காரன். மூணாவது மண்டை பெருத்த ஃபிளவர்ஹார்ன். அவனுக்கு ஊரே கிடையாது. 1990கள்ல மலேசியாவில பல ஜாதி மீனைக் கலந்து உண்டாக்கினது. எந்த ஆத்துலயும் தானாப் பொறந்தவன் இல்லை. மண்டை பெருக்கப் பெருக்க வீட்டுக்கு அதிர்ஷ்டம்னு கடையில சொன்னாங்களாம். தலைக்கனத்துக்கு அதிர்ஷ்டம் வர்றதா இருந்தா நம்ம தெருவுல பாதிப்பேரு இந்நேரம் பங்களா கட்டியிருப்பான்.

நாலாவது கிரீன் டெரர், அஞ்சாவது ஆஸ்கார். இந்த ரெண்டும் நெசமாவே தென்னமெரிக்கா. அஞ்சுக்கு ரெண்டு. நீ கணக்குப் பரீட்சையில வாங்கின மார்க்குக்கு இது மேல்தான். மாமன் குறை சொல்ல மாட்டேன்.

இன்னொண்ணும் கேட்டுக்கோ. சிக்லிட், சிக்லிட்னு ஆயிரக்கணக்குல கொட்டிக் கொடுத்தியே, நம்ம கம்மாயில சும்மா கெடக்கிற ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான். அதுவும் ஆப்பிரிக்காக்காரன், 1952ல இந்தியாவுக்குள்ள வந்தவன். கேரளாவில இலையில சுத்திச் சுடுறாங்களே கரிமீனு, அதுவும் அதே குடும்பம். அவன் மட்டும் நம்ம பக்கத்து மண்ணுக்காரன். சின்ன வயசுல குழம்பு வச்சுத் தின்ன குடும்பத்துக்குத்தான் நீ இப்ப விளக்கேத்திக் கும்பிட்டுக்கிட்டு இருக்கே.

சரி, வேட்டி கட்டின மாமனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு பாக்குறியா? மாட்டுச்சந்தையில நிறத்தைப் பாத்து மாடு பிடிக்கிறவன் வீட்டுக்கு வந்துதான் அழுவான். விவரமானவன் பல்லைப் புடிச்சுப் பாப்பான், சுழி பாப்பான். மீனுக்கும் அப்படிப் பல்லு, சுழி உண்டு. நீ பாத்தது நிறம் மட்டும்.

நிறத்தை நம்பாதே மாப்ளே. சிக்லிட் மீனு கோவம் வந்தா ஒரு நிறம், பயந்தா ஒரு நிறம், முட்டை போட்டா ஒரு நிறம். உடம்புல இருக்கிற பட்டை ஒரு நிமிஷத்துல வரும், மறு நிமிஷம் காணாம போகும். குஞ்சுல பாதி ஜாதி ஒரே சாம்பல் நிறம். சில குஞ்சுக்கு ஹார்மோன் கொடுத்து நிறம் ஏத்தி விக்கிறதும் உண்டு. வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள்ல சாயம் போன சேலை கணக்கா நிக்கும்.

அப்ப எதைப் பாக்கணும்? முதல்ல மூக்கு. கெண்டை, கெளுத்திக்கெல்லாம் ஒவ்வொரு பக்கமும் மூக்குத் துவாரம் ரெண்டு. சிக்லிட்டுக்குப் பக்கத்துக்கு ஒண்ணுதான். அடுத்து, விலாவில ஓடுற கோடு. சிக்லிட்டுக்கு அது நேரா ஓடாது. மேல கொஞ்சம் ஓடி அறுந்து, கீழ எறங்கி மறுபடி ஓடும். இது குடும்பத்துக்கு அடையாளம். அப்புறம் வயித்துக்குப் பின்னால, வாலுக்கு முன்னால உள்ள அடிச்செட்டையில முள்ளை எண்ணு. ஆஸ்காருக்கு மூணு. கிரீன் டெரருக்கு மூணு. ஜாக் டெம்ப்சிக்கு எண்ணினா அதைவிட ரெண்டு மடங்குக்கும் மேல வரும். கடைக்காரர் எந்தப் பேரை எழுதி ஒட்டினாலும் முள்ளு மாறாது.

ஆஸ்கார்னதும் ஒரு கதை. லூயி அகாசினு பெரிய விஞ்ஞானி, மீனுக்குன்னே பேர் போனவரு. 1831ல ஆஸ்காருக்கு முதல்முதலாப் பேர் வச்சவரு அவர்தான். வச்சாரே தவிர, இது கடல் மீனுன்னு நெனச்சு, கடல் மீன் கூட்டத்துல கொண்டுபோய்ச் சேத்துட்டாரு. பிறகு வந்தவங்கதான் அதை ஆத்துக்குக் கூட்டியாந்து அஸ்ட்ரோனோட்டஸ்ங்கிற பேரினத்துல வச்சாங்க. அகாசிக்கே தப்பாப் போச்சுன்னா நீ ஜாக் டெம்ப்சியில கவுந்தது பெரிய பாவம் இல்லை. அவராவது செத்த மீனை வச்சுக்கிட்டுப் படாதபாடு பட்டாரு. உனக்கு உயிரோட மீனு கண் முன்னால நீந்துது, எண்ணத்தான் நேரமில்லை.

உன் கிரீன் டெரருக்கு வருவோம். ‘அமேசான் கிரீன் டெரர்’னு கவர்ல எழுதியிருந்துச்சாமே. அமேசான் ஆறு ஆண்டிஸ் மலைக்குக் கிழக்க ஓடுது. இவனோட ஆறுகள் மலைக்கு மேற்க, ஈக்வடார்லயும் பெருவுலயும் பசிபிக் கடலைப் பாத்து ஓடுறது. நடுவுல அம்மாம் பெரிய மலை. ‘கிரீன் டெரர்’ங்கிற பேருலயும் ரெண்டு ஜாதி விக்கிறாங்க. ஒண்ணு ஆன்டினோஅகாரா ரிவுலாட்டஸ், செதில் நடுவுல கருப்பா, ஓரம் வெளுப்பா இருக்கும். இன்னொண்ணு ஆன்டினோஅகாரா ஸ்டால்ஸ்பெர்கி, செதில் நடுவுல வெளுப்பு, ஓரம் கருப்பு, வால் ஓரத்துல அகலமா வெள்ளைக்கரை. ரெண்டும் ஒரே மீனுன்னு ரொம்ப காலம் ஓடிச்சு. ரெண்டாவதுக்குத் தனிப்பேர் கிடைச்சதே 2009லதான். ரெண்டையும் ஒரே தொட்டியில போட்டுக் குஞ்சு எடுத்து, இதுதான் அசல்னு நண்பனுக்குக் கொடுத்துராதே. அப்புறம் அந்தக் குஞ்சுக்கு எந்த விஞ்ஞானியும் பேர் சொல்ல முடியாது.

ஏஞ்சல் மீன்லயும் இந்தக் கூத்து உண்டு. ‘அல்டம்’னு சொன்னாலே விலை ஏறுது. அசல் அல்டம் ஓரினோகோ ஆத்துப் பக்கம் உள்ளது, மூக்குக்கு மேல நெத்தியில ஒரு பள்ளம் விழுந்திருக்கும். ‘பெருவியன் அல்டம்’னு ஒருத்தன் விப்பான். அது ஸ்கேலரிங்கிற சாதாரண ஏஞ்சல் ஜாதிதான், பேருக்குப் பட்டுவேட்டி கட்டியிருக்கு. அதுக்குன்னு ஸ்கேலரியை இளப்பமா நெனைக்காதே. கொளத்தூர் பக்கத் தொட்டியிலயே பொறந்து வளந்த ஏஞ்சலுக்கு நம்ம ஊர்த் தண்ணி பழகியிருக்கும். முதல் மீனுக்கு அதுதான் புத்திசாலித்தனம்.

மண்ணை வாயில அள்ளிச் சலிச்சு செவுள் வழியாத் துப்புற ஜியோஃபேகஸ் வாங்கப் போறேன்னியே, நல்ல மீனு. அதுக்குக் கூர்க்கல்லு கூடாது, மெல்லிய மணல்தான் வேணும். ‘சுரினாமென்சிஸ்’னு எழுதியிருந்தா சிரிச்சுட்டு வாங்கு. அந்தப் பேரை ஊர்ப்பட்ட மீனுக்கு ஒட்டிட்டாங்க; அசல் ஆளு சுரினாம் பக்கத்து ஆறுகளோட சரி. ‘தபாஜோஸ் ரெட் ஹெட்’னு ஒரு செந்தலையன் இருக்கான். மீன் வளக்குறவங்க வருஷக்கணக்கா அவனை வச்சிருந்தும் விஞ்ஞானப் பேர் இல்லாமலே இருந்தான். ஜியோஃபேகஸ் பைரோசெஃபாலஸ்னு 2022லதான் பேர் வச்சாங்க. அத்தனை வருஷமும் நேர்மையானவங்க அவனுக்கு இல்லாத பேரைச் சூட்டலை. அவன் ஆத்துப் பேரான தபாஜோஸைச் சொல்லியே கூப்பிட்டாங்க. பழகுனா அப்படிப் பழகு.

பேரு எதுக்கு மாமா, மீனு அழகா இருந்தாப் போதாதாங்கிறியா? பேரு தெரிஞ்சா மூணு விஷயம் தெரியும்: எவ்வளவு பெருசாகும், எந்தத் தண்ணி வேணும், யார் கூட விடலாம். ஆஸ்காரையே எடுத்துக்கோ. ரெண்டு இஞ்சுக் குஞ்சா கவர்ல வரும்போது கண்ணு கலங்குற அழகு. வீட்டுத் தொட்டியிலயே ஒரு அடிக்கு வளரும், பத்து வருஷத்துக்கு மேல வாழும். உன் தொட்டி நீளம் ரெண்டடி, அகலம் ஒரு அடி, உசரம் ஒரு அடி. மொத்தம் 56 லிட்டர். ஒரு அடி அகலத்துல ஒரு அடி மீனு எப்படி மாப்ளே திரும்பும்? ரிவர்ஸ் கியர் போட்டா? ஒத்தை ஆஸ்காருக்கே நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உசரம், 250 லிட்டர் சொச்சம் வேணும். அதுலயும் ரெண்டு இஞ்சுக் குஞ்சை ‘ஜோடி’ன்னு கூடுதல் காசு கொடுத்து வாங்கினியாமே! ஆஸ்கார்ல ஆணு எது, பொண்ணு எதுன்னு வெளியில பாத்துச் சொல்ல முடியாது. முட்டை போடுற நேரத்துல அடிவயித்துல தெரியுற குழாயை வச்சுத்தான் சொல்லலாம். உனக்கு ஜோடி போட்டுக் கொடுத்தவரு கல்யாணத் தரகரா இருக்க வேண்டியவரு.

தண்ணியும் அப்படித்தான். ரியோ நீக்ரோ ஆத்துல சருகு ஊறி ஊறி தண்ணி கருத்து, உப்பே இல்லாம, புளிப்பேறிக் கெடக்கும். பிஎச் 5க்கும் கீழ எறங்கும். அந்த மாதிரித் தண்ணியில பொறந்த அபிஸ்டோகிராமாங்கிற குட்டி சிக்லிட்டை உங்க அபார்ட்மெண்ட் போர் தண்ணியில போட்டா அது எங்க முட்டை போடும்? டிஸ்கஸ் மீனுக்கு 28, 30 டிகிரி சூடும் உப்புக் குறைஞ்ச தண்ணியும் வேணும். ஆர்ஓ தண்ணியைக் குழாய்த் தண்ணியோட கலந்து, டிடிஎஸ் மீட்டர் வச்சுப் பாத்து ஊத்து. அபிஸ்டோவுக்கு முட்டைப் பருவத்துல தண்ணி ரொம்பச் சூடானா பொறக்கிறதுல ஆணே மிஞ்சும்; பொண்ணு கிடைக்காத ஊரு ஆயிடும் உன் தொட்டி.

தொட்டி வாங்கின அன்னைக்கே மீனை விட்டியாமே. மீன் கழிவுல வர்ற அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாக்கி, அதையும் நைட்ரேட்டாக்குற பாக்டீரியா ஃபில்டர்ல குடியேற நாலஞ்சு வாரம் ஆகும். புது வீட்டுக்குப் பால் காய்ச்ச நாள் பாக்கிறவன், மீனுக்கு ஒரு மாசம் பொறுக்க மாட்டியா? வாரம் ஒருதரம் கால்வாசித் தண்ணியை மாத்து. பளிச்சுனு தெரியணும்னு முழுத் தண்ணியையும் கொட்டி, ஃபில்டர் பஞ்சைக் குழாய்ல போட்டுத் தேய்ச்சுக் கழுவுனா அந்தப் பாக்டீரியாவுக்கும் சேத்துக் காரியம் பண்ணிட வேண்டியதுதான்.

கடைசியா ஒண்ணு, இதுல கேலி இல்லை. ஆஸ்கார் பெருத்துப்போச்சுன்னு கம்மாயில கொண்டுபோய் விட்டு புண்ணியம் தேடாதே. பனாமாவில காத்தூன் ஏரிக்குள்ள 1967 வாக்குல தென்னமெரிக்க பீகாக் பாஸ் தப்பிப் போச்சு. அதுவும் சிக்லிட்தான். கொஞ்ச வருஷத்துல அங்க இருந்த சின்ன மீனுல பலதையும் தின்னு தீத்துருச்சு. நம்ம குளங்கள்ல ஏற்கெனவே தொட்டியில இருந்து போன சக்கர் மீனு வலையைக் கிழிச்சுக்கிட்டுத் திரியுது. வச்சுக்க முடியலைன்னா கடையில திருப்பிக் கொடு, பெரிய தொட்டி உள்ளவனுக்குக் கொடு.

ஜாக் டெம்ப்சியையும் ஃபிளவர்ஹார்னையும் பிரிச்சு வை, மலாவிக்காரனுக்குத் தனி வீடு கொடு, ஆஸ்காருக்குப் பெரிய தொட்டி பாரு. ஒவ்வொரு தொட்டியிலயும் பேரு, ஊரு, வாங்கின தேதி எழுதி ஒட்டு. பேரு தெரியலைன்னா ‘தெரியலை’ன்னே எழுது. தப்பான பேரு எழுதுறதைவிட அது ஆயிரம் மடங்கு மேல் மாப்ளே.