கயித்தை அவுக்காம வித்த மாடு

வா கண்ணு, திண்ணையில இப்பிடிக் குந்து. கலிபோர்னியாவுல நாற்காலியிலயே குந்திக் குந்தி முதுகு வளைஞ்சு போயிருக்கும். அந்த வெள்ளை அட்டையை இங்க குடு, அப்பாரு ஒருக்கா பாத்துக்கறேன். அடேயப்பா, என்ன கனம்! தகரமா? டைட்டானியமா! ஏரோப்பிளேனுக்குப் போடறதை எடுத்துக் கடன் அட்டை அடிச்சிருக்கான். கடன் வாங்கறவனுக்குக் கனம் தெரியோணும்னு நெனைச்சிருக்கான், நல்ல மனசு.

நம்பர் ஒண்ணையுங் காணோமே? உன்ர பேரும் கடிச்ச ஆப்பிளுந்தான் இருக்குது. என்னது, தோல் பர்சுல வெக்கப்படாதா? ஜீன்ஸ் பையிலயும் வெச்சாக் கறை புடிக்குமா? சாவி, சில்லறையோட சேந்தா கீறல் விழுகுமா? 2019ல கம்பெனிக்காரனே எழுதி வெச்சிருக்கானா! பொறவு எங்கடா வெக்கறது, சாமி ரூம்லயா? நம்மூட்டுக்கு வந்த மருமகள் ஒருத்தியைக்கூட நாம இத்தனை பதனமா வெச்சதில்ல.

கேலி பண்றேன்னு நெனைக்காத. கூட்டுறவு சொசைட்டியில முப்பது வருசம் கணக்கெழுதுனவன் நானு. கெட்டிக்காரனைப் பாத்தா எந்திரிச்சு நின்னு கும்புடுவேன். இந்த ஆப்பிள்காரன் கெட்டிக்காரன்.

2018 நவம்பர்ல ஒரு வேலை பண்ணுனான் பாரு. இனிமே எத்தனை ஐபோன் வித்துச்சுன்னு எண்ணிச் சொல்ல மாட்டோம்னுட்டான். களத்துல நெல்லு குமிஞ்சு கெடக்கறப்ப எந்தப் பண்ணாடியும் மூட்டையை எண்ணித் தெருவுக்கே கேக்கறாப்புல சொல்லுவான். "எண்ணிக்கை கெடக்குது, நெல்லோட தரத்தைப் பாருங்க"ன்னு ஒருத்தன் சொன்னான்னா, அந்த வருசம் மழை எப்பிடின்னு நான் கேக்கவே மாட்டேன்.

ரெண்டு மாசந் தாங்கல. 2019 சனவரி 2ந் தேதி கம்பெனித் தலைமை அதிகாரி டிம் குக்கு பங்குக்காரங்களுக்குக் கடுதாசி போட்டாரு. அப்ப முடிஞ்ச மூணு மாசத்துக்கு 8,900 கோடி டாலருக்குக் குறையாதுன்னு சொன்னது, 8,400 கோடிதான் தேறும்னு. சீனாவுல யாவாரம் மந்தம்ங்கறது பெரிய காரணம். அதுக்குப் பின்னால பொடிசா ஒண்ணு ஒளிஞ்சுக்கிட்டிருந்துச்சு, பேட்டரி! பேட்டரி தேஞ்ச பழைய போனையெல்லாம் மெதுவா ஓட வெச்சது 2017 கடைசியில வெளிய தெரிஞ்சு, மன்னிப்புக் கேட்டு, 79 டாலர் பேட்டரியை 29க்கு மாத்திக் குடுத்தாங்கல்ல? லாடம் அடிச்சதும் கெழட்டு மாடு ஜம்முனு நடந்திருச்சு. புது மாடு வாங்க எவன் சந்தைக்கு வருவான்?

அப்புறம் அதே வருசம் மார்ச் 25. அவங்க தலைமையகம் இருக்கற குப்பர்ட்டினோவுல மேடை. புதுப் போனும் இல்ல, புதுக் கம்ப்யூட்டரும் இல்ல. பத்திரிகை படிக்கச் சந்தா, ஆட்டம் ஆடச் சந்தா, படம் பாக்கச் சந்தா. சினிமா எடுக்கற ஸ்பீல்பெர்க்கு வந்தாரு, டிவியில பேசற ஓப்ரா வந்தாங்க. போன் விக்கற திருவிழாவுல சாமானே இல்லாம தேர் ஓடுச்சு. அன்னிக்குக் கையில புடிச்சுப் பாக்கறாப்புல அவன் காட்டுனது இந்த அட்டை ஒண்ணுதான்.

கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு உன்னைத் தோள்மேல தூக்கிக்கிட்டுப் போனது நெனப்பிருக்குதா? துண்டுக்கு அடியில வெரலைப் புடிச்சுப் பேரம் பேசி முடிச்சதும் நான் என்ன பண்ணுவேன்? மாட்டை வுட்டுப்போட்டுக் கயித்தை மட்டும் அவுத்துச் சுருட்டிக்குவேன். மாடு போனாலும் லட்சுமி ஊட்டுல தங்கோணும்னு. குப்பர்ட்டினோக்காரனுக்கு அந்தச் சாஸ்திரம் தெரியும், ஆனா இன்னம் நல்லாத் தெரியும். கயித்தை அவுக்கறதே இல்ல. மாடு உன்ர கட்டுத்தறியில நிக்குது, தீவனம் நீ போடற, கயித்தோட மறுநுனி அவன் கையில. மாசம் ஒருக்கா ஒரு சுண்டு. அவ்வளவுதான்.

கம்பெனியை ஆரம்பிச்ச ஸ்டீவ் ஜாப்ஸ் காலத்துல இப்பிடி இல்லியாமே. 2003ல ஒரு பாட்டு 99 சென்ட், வாங்குனா உன்னது. பாட்டை வாடகைக்குக் கேக்க சனம் ஒத்துக்காதுன்னு அந்தாளே சொன்னாரு. 2015ல அதே கடையில மாசம் 9.99க்குக் குத்தகைப் பாட்டு. சந்தாவை நிறுத்துனாப் பாட்டும் நின்னுபோகும். குத்தகைக்காரன் தென்னையில தேங்கா எண்ணலாம், மரத்தை எண்ண முடியாது.

படம் பாக்கற சந்தா கதையும் அப்பிடித்தான். 2019ல மாசம் 4.99 டாலர்னு ஆரம்பிச்சான். 2022ல 6.99. அடுத்த வருசம் 9.99. 2025ல 12.99. நம்ம பால்காரி பால்ல கொஞ்சங் கொஞ்சமாத் தண்ணி சேப்பா. இவன் பாலை அப்பிடியே வெச்சுப்போட்டுக் காசுல சேக்கறான்.

எல்லாத்துலயும் எனக்குப் புடிச்சது அந்த அஞ்சு ஜிபிதான் போ. 2011ல ஐகிளவுடுன்னு சொல்லி அஞ்சு ஜிபி எடம் சும்மா குடுத்தான். இன்னிக்கும் அதே அஞ்சு. போட்டோ மட்டும் வருசத்துக்கு வருசம் கொழுத்துக்கிட்டே போகுது. கேமராவைப் பெருசாக்கறதும் அவன், நெல்லுக் குதிரைச் சின்னதா வெக்கறதும் அவன். நெல்லை எங்க கொட்டறதுன்னு நீ முழிக்கறப்ப, "குதிர் வாடகைக்கு உண்டு"ன்னு ஒரு சீட்டு வருது பாரு, அதைப் படிச்சுட்டு எனக்குச் சிரிப்பு அடங்கறதுக்கு அரை நாள் ஆச்சு.

ஏன் இத்தனை பாடுன்னு கேப்ப. 2024 கணக்கை உன்ர மச்சான் படிச்சுச் சொன்னான். மொத்த வரவு 39,100 கோடி டாலர், அதுல சேவைங்கற தலைப்புல 9,600 கோடி. இன்னம் பாதிக்கு மேல ஐபோனுந்தான், அது வேற. ஆனா சாமான் வித்தா 100க்கு அடக்கம் போகக் கையில நிக்கறது 37. சேவையில 74! போன் பண்றதுன்னா ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஆயிரக்கணக்குல நம்ம புள்ளைங்க ராத்திரிச் சிப்டு பாக்கோணும். சந்தாவுக்கு யாரு ராத்திரி முழிக்கறா? போன்ல தேடுனா மொதல்ல கூகுளு வரோணும்ங்கறதுக்காக கூகுளு 2022ல 2,000 கோடி டாலர் குடுத்துதுன்னு கோர்ட்டுல வெளிய வந்துச்சு. அதுவும் சேவைதானாமா. நம்மூர்ல கெடாவெட்டுக்கு வாசல்ல குந்திப் பந்தியைத் தள்ளி வுடறவனுக்குக் கறித்துண்டு எச்சா வெப்பாங்களே, அந்தச் சேவை.

இந்த அட்டைக்கு வருவோம். பேரு ஆப்பிளுது, 2019ல கடன் குடுக்க வந்தது கோல்ட்மேன் சாக்ஸ் பேங்கி. சபையில மாலை இவனுக்கு, பந்திச் செலவு அவனுக்கு. ஆப்பிள் சாமான் வாங்குனா 100க்கு 3 திரும்பி வருதுன்னு நீ குதிச்ச. மூணு ரூவாய்க்காக நூறு ரூவா செலவழிக்கறதுக்கு உன்னைப் படிக்க வெச்சேன் பாரு!

சொசைட்டியில நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். கடன் குடுக்கறது ஒரு கையெழுத்து. அதுக்கப்புறம் வர்ற புகாரைக் கேக்கறதுதான் தொழில். அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2024 அக்டோபர்ல சொன்னது என்ன? அட்டைக்காரங்க குடுத்த புகாரைப் பத்தாயிரக்கணக்குல ஆப்பிளு பேங்கிக்கே அனுப்பல, போனதை பேங்கியும் ஒழுங்கா விசாரிக்கல. அபராதம் ஆப்பிளுக்கு 2.5 கோடி டாலர், பேங்கிக்கு 4.5 கோடி, அதுபோக அட்டைக்காரங்களுக்கு 2 கோடிக்குக் கிட்டத் திருப்பிக் குடுக்கோணும். ஆறு வாரத்துல நாலு தவணைன்னு ஒரு திட்டம் 2023ல வந்துச்சு, 2024லயே மூடிட்டான். கோல்ட்மேனு கையைச் சுட்டுக்கிட்டுக் கழண்டுக்க வழி தேடுனதும் ஊரறிஞ்ச கதை. போன் பண்றவனுக்குக் கண்ணாடி ஒடைஞ்சா மாத்தத் தெரியும். கடன்காரன் மனசு ஒடைஞ்சா மாத்தறதுக்குக் கடையே கெடையாது.

நீ அந்தக் கம்பெனிப் பங்கு வேற வெச்சிருக்கற. மூணு மாசத்துக்கொருக்கா காசு வருதுன்னு உங்கம்மாகிட்டப் பெருமை பேசுன. 2025ல பங்குக்கு 26 சென்ட். பாட்டுக்கு, படத்துக்கு, குதிருக்குன்னு மாசாமாசம் கறந்து, ஒரு சங்கு அளவு உனக்கே ஊத்தறான். குடி, உன்ர பால்தானே. சந்தாவை நிறுத்துனு நான் சொல்லல. நிறுத்துனாப் பங்கு எறங்கும், எறங்குனா நீ ராத்திரி தூங்க மாட்ட, தூங்கலைன்னா அதுக்கும் ஒரு சந்தா வெச்சிருப்பான்.

என்ன, அட்டையா? இந்தா, எங்கீம் போகல. வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவ வாகா இருந்துச்சு, அதான் கையிலயே வெச்சுக்கிட்டேன். மொறைக்காதடா, வெள்ளை மேல வெள்ளை, எவன் பாக்கப்போறான். தோலும் ஜீன்ஸும் ஆகாதுன்னுதான எழுதியிருக்கான்? சுண்ணாம்பைப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலியே.