முள் இங்கே, பெயர் அங்கே

கேள்வி: நான் படித்தபோது கருவேல மரத்துக்கு அறிவியல் பெயர் ‘அக்கேசியா நிலோட்டிகா’. என் மகளோ ‘வச்சேலியா நிலோட்டிகா’ என்கிறாள். மரம் மாறிவிட்டதா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: மரம் அதேதான். ஆடு மேய்ப்பவர்கள் துரட்டியால் காய் உலுக்கிப் போடுகிறார்களே, அதே மரம். பெயரை மட்டும் ஆஸ்திரேலியா கொண்டுபோய்விட்டது!

அக்கேசியா பெரிய குடும்பமாகப் பெருத்துவிட்டது என்று தாவரவியலாளர்கள் பாகம் பிரித்தார்கள். வீட்டுப் பெயர் யாருக்கு? பெயர் சூட்டும் விதிப்படி, அந்தப் பெயருக்கு மாதிரியாக நின்ற இனத்துக்கு. அதாவது கருவேலத்துக்கு. ஆனால் ஆஸ்திரேலியாவில் மட்டும் சுமார் ஆயிரம் இனங்கள். ‘இத்தனைக்கும் பெயர் மாற்றுவதா?’ என்றார்கள் ஆஸ்திரேலியத் தரப்பினர். 2005இல் வியன்னாவில் கூடிய சர்வதேசத் தாவரவியல் மாநாடு அவர்கள் பக்கம் சாய்ந்தது. பெயரை இழந்த ஆப்பிரிக்கப் பக்கம் கொதித்தது. 2011 மாநாட்டில் மறுபடி வழக்கு, முடிவு மாறவில்லை. மாநாடு நடந்த ஊர்? மெல்போர்ன். (நான் ஒன்றும் சொல்லவில்லை!)

அக்கேசியா என்ற சொல் முள்ளைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்ததென்பார்கள். ஆஸ்திரேலிய அக்கேசியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு முள்ளே கிடையாது. செருப்பைத் துளைத்துக் காலைப் பதம் பார்க்கும் நம் மரத்துக்கோ, சீனாவில் செடிகள் சேகரித்த வச்செல் என்ற பாதிரியாரின் பெயர். வெள்வேலத்துக்கும் அதே கதிதான்.

மகள் பரீட்சையில் வச்சேலியா என்றே எழுதட்டும். மதிப்பெண் முக்கியம்.