கத்திரி வெயிலில் ஒரு கம்பளி

உலகத்திலேயே பெரிய குரோஷா போர்வைக்கான கின்னஸ் சாதனையை நார்வேக்காரர்கள் செய்திருந்தால் அதில் ஒரு நியாயம் இருக்கும். சிம்லாக்காரர்கள் செய்திருந்தாலும் ஒத்துக்கொள்ளலாம். 2016 ஜனவரி 31 அன்று அதைச் செய்தது நம்ம சென்னை. சுபாஸ்ரீ நடராஜன் தொடங்கிய ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுப் பெண்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பின்னி, எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்து விரித்தார்கள். பரப்பு 11,148.5 சதுர மீட்டர். மீட்டரில் சொன்னால் எங்கள் பக்கம் யாருக்கும் ஏறாது. கேளம்பாக்கம் கணக்கில் அது ஐம்பது கிரவுண்ட். கார்னர் பிளாட், பூங்காவுக்கு ஒதுக்கிய இடம் எல்லாம் சேர்த்து, பட்டா தகராறே இல்லாத ஒரு லேஅவுட்!

சென்னை நுங்கம்பாக்கத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலையே 13.9 டிகிரிதான். அதுவும் கடைசியாக 1905 ஜனவரியில். அதற்கு நேர்மாறாக 2003 மே மாதத்தில் 45 டிகிரியைத் தொட்டுக் காட்டியது இந்த ஊர். இப்படிப்பட்ட இடத்தில், தம்பி மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்காக நான் போர்வை பின்ன உட்கார்ந்தேன். நல்ல நாள் பார்த்துத்தான். மறுநாளே கத்திரி தொடங்கியது.

பின்னுகிறவளைத்தான் போர்வை முதலில் போர்த்துகிறது. இந்த உண்மையை எந்த யூடியூப் டீச்சரும் சொல்வதில்லை. ஆரம்பத்தில் உள்ளங்கையளவு இருக்கும். வளர வளர மடியில் இறங்கும், பிறகு முழங்காலை மூடும். ஓஎம்ஆரில் கரண்ட் போய், உப்பளக் காற்றும் நின்றுபோன மத்தியானத்தில், குழந்தைக்கான கதகதப்பு முழுவதையும் நானே அனுபவித்தேன்.

நான் எடுத்துக்கொண்டது கிரானி ஸ்கொயர். நடுவில் தொடங்கி, சுற்றிச் சுற்றிப் போட்டுக்கொண்டே போவது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், எப்போது வேண்டுமானாலும் தொடரலாம். (இந்த வசதியை நினைவில் வையுங்கள். பின்னால் இது எனக்கே வினையாகப் போகிறது.) கொக்கி ஊசி ஒன்று போதும். ஸ்வெட்டர் பின்ன மெஷின் உண்டு, ஆனால் துணி ஆலைகளில் குரோஷா போடும் மெஷின் கிடையாது. அசல் குரோஷா என்றால் எங்கோ ஒருத்தி முதுகு வலியோடு போட்டது என்று அர்த்தம். ஆந்திராவின் நரசாப்பூர் குரோஷா லேசுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, என் முதுகுக்கே கிடைத்த மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அம்மா அதைக்கூட மதிக்கவில்லை. அவள் இடையன்குடிப் பக்கத்துக்காரி. அங்கே வாழ்ந்த கால்டுவெல் ஐயர் திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதி 1856-ல் வெளியிட்டார். அவர் மனைவி எலிசா ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திண்டின் மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் வேலை. அதைப் பார்த்து வளர்ந்த அம்மாவுக்கு என் ஒற்றைக் கொக்கி விளையாட்டுச் சாமான்.

“ஏட்டி, பச்சப் புள்ளைக்கு எதுக்குட்டி கம்பளி? தாத்தா வேட்டிய நாலாக் கிழிச்சாப் போதாதா?”

“கம்பளி இல்லம்மா, பருத்தி நூல்.”

“அப்போ வேட்டியே பருத்திதானே?”

இதற்குக் கால்டுவெல்லாலேயே பதில் சொல்லியிருக்க முடியாது.

என் பக்கம் இருந்த ஒரே வாதம் ஏ.சி. தம்பி மகள் சிறுசேரிப் பக்கம் பதினான்காவது மாடியில் இருக்கிறாள். 2020-லிருந்து இந்தியாவில் விற்கும் வீட்டு ஏ.சி.க்கள் போட்டவுடன் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. தொடங்கும்தான். அடுத்த நொடியே மாப்பிள்ளை பதினெட்டுக்கு இறக்கிவிடுவார். 1905-க்குப் பிறகு சென்னை குளிரவில்லை என்ற குறையை அந்தப் படுக்கையறை ஒன்றே தீர்த்துவைத்திருக்கிறது. எனவே போர்வை அத்தியாவசியம் என்று வீட்டில் வாதாடி ஜெயித்தேன்.

குழந்தை மருத்துவர் ஒரு நிமிஷத்தில் தள்ளுபடி செய்துவிட்டார். ஒரு வயது ஆகும்வரை தூங்கும் குழந்தை மேல் தளர்வான போர்வையே கூடாதாம், முகத்தை மூடிவிடும். அதிலும் ஓட்டை ஓட்டையான பின்னலில் பிஞ்சு விரல் போய் மாட்டிக்கொள்ளும். டாக்டர் சொன்னது சரிதான், வாதாட இடமில்லை. பேர் வைத்த அன்று போர்வையைத் தரையில் விரித்து, குழந்தையை அதன் மேல் கிடத்திப் போட்டோ எடுத்தார்கள். பிறகு அவள் ஹாலில், ஏ.சி. இல்லாமல், அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைத் தூளியில் போய்த் தூங்கினாள். சேலையைக் கொண்டுவந்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. தூளியை ஆட்டும் சாக்கில் அம்மா என்னைப் பார்த்த பார்வையையும் விவரிக்கப்போவதில்லை.

போர்வை வீண்போகவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மாப்பிள்ளை, அந்தப் பதினெட்டு டிகிரியில் அமெரிக்காக்காரர்களோடு ராத்திரி மீட்டிங் பேசும்போது அதைத் தோளில் போட்டுக்கொள்கிறார். இளம் மஞ்சள், ஓரத்தில் வாத்து. போன வாரம் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தார்.

“அத்தை, சூப்பரா இருக்கு. ஆனா கால் வரைக்கும் வர மாட்டேங்குது. இன்னும் கொஞ்சம் போட்டுத் தர முடியுமா?”

மாப்பிள்ளை ஆறடி. சுற்றிச் சுற்றிப் போட்டால் கிரானி ஸ்கொயர் நாலு பக்கமும் சேர்ந்தே வளரும், நீளம் மட்டும் தனியாகக் கூடாது. ஆறடிக்கு ஆறடி, அதன் பிறகு மடித்துச் செருக ஓரத்துக்கு இரண்டடி. கேட்டுக்கொண்டிருந்த அம்மா தூளிக் கயிற்றை விடாமலே சொன்னாள்: “அவருக்கும் ஒரு வேட்டி கிழிச்சுத் தரட்டா?”