டிகாக்ஷன் இறங்கும் நேரம்

கேள்வி: ஞாயிற்றுக்கிழமைகூடச் சும்மா உட்கார்ந்தால் ஏதோ தப்புச் செய்வதுபோல உறுத்துகிறது. நிதானத்தை யாரிடம் கற்றுக்கொள்வது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கும்பகோணத்தில் இருந்துகொண்டு என்னிடமா கேட்கிறீர்கள்? உங்கள் அடுப்படி ஃபில்டரிடம் கேளுங்கள். மிரட்டினாலும் கெஞ்சினாலும் டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். அவசரப்பட்டுத் தட்டினால் பொடிதான் கீழே வரும்.

‘நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை’ என்பார்களே, நம் பரபரப்பில் பாதி அந்த ரகம்தான். (என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்!) தத்துவமேதை பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1932-லேயே சோம்பலைப் புகழ்ந்து கட்டுரை எழுதினார்; நாளுக்கு 4 மணி நேர வேலை போதும் என்று வாதாடினார். ஆனால் மனிதர் சும்மா இருந்தாரா? 97 வயதுவரை வாழ்ந்து, புத்தகங்களாக எழுதித் தள்ளினார், 1950-ல் இலக்கிய நோபலும் வாங்கினார். ஆக, ஓய்வு வேலைக்கு எதிரியல்ல.

முதல் பயிற்சி: டிகாக்ஷன் இறங்கும்வரை போனைத் தொடாதீர்கள். உறுத்தல் வரும். அழையா விருந்தாளி அது. கவனிக்காமல் விட்டால் காபிகூடக் கேட்காமல் கிளம்பிவிடும்.

ஒரே நிபந்தனை: ‘காலை 6.10: நிதானம்’ என்று வேலைப் பட்டியலில் எழுதிவிடாதீர்கள்!