தேர்ச்சி எல்லைச் சிக்கல்: பவேரிய வாய்பாட்டை முன்வைத்து ஒரு முன்னாய்வு

தமிழ்நாட்டுப் பொறியியல் பட்டதாரி ஜெர்மானியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் சடங்கு இதுகாறும் முறையாக ஆராயப்படவில்லை. ஆராயத் தக்கவர்கள் எல்லாரும் விண்ணப்பித்துக்கொண்டிருந்ததே காரணம். மியூனிக், ஆகன், டிரெஸ்டன் முதலிய ஒன்பது பல்கலைக்கழகங்கள் அங்கே கூட்டணி வைத்திருக்கின்றன. ஒன்பது என்றதும் நவக்கிரகங்களோடு பொருத்திப் பார்க்கும் ஆசை எமக்கும் எழுந்தது. எண்ணிக்கை ஒத்துவந்தால் ஒப்பாய்வு எழுதிவிடலாம் என்பது நம் துறையில் நிலைபெற்ற நெறிதான். அடக்கிக்கொண்டோம்.

முதலில் சில்லறை உறுப்புகளைத் தீர்ப்போம்.

கடவுச்சீட்டு: காலாவதியாகியிருக்கக் கூடாது.

நோக்கக் கடிதம்: எந்திரங்கள்மீது மழலைப் பருவத்திலிருந்தே கொண்ட வேட்கையைக் கூறுவது. இவ்வேட்கை கடைசித் தேதிக்கு முந்தைய இரவு பிறக்கும்.

பயிற்றுமொழிச் சான்று: நான்காண்டும் பாடம் ஆங்கிலத்திலேயே நடந்தது என்று கல்லூரி ஆங்கிலத்தில் எழுதித் தருவது. “லாஸ்ட் பெஞ்ச், என்னடா அங்க பேச்சு?” என்பது எம்மொழி என்ற வினா இங்கு எழாது.

சான்றுக்குச் சான்று: பட்டச் சான்றிதழ் மெய்யானதே என்று டெல்லியில் 18,000 ரூபாய் கட்டிப் பெறும் ஏ.பி.எஸ். சான்றிதழ். இந்திய மாணவர்க்கு இது 2022 நவம்பர் முதல் கட்டாயம். இதையும் மூலச் சான்றிதழின் நகலையும் சேர்த்து பெர்லினிலுள்ள யூனி-அசிஸ்ட்டுக்கு அனுப்ப, அவர்கள் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும் அதே பருவத்தில் அடுத்தடுத்தவற்றுக்கு 30 யூரோவும் பெற்றுக்கொண்டு சரிபார்ப்பர். அதன்பின் பல்கலைக்கழகம் தானும் ஒருமுறை சரிபார்க்கும். பட்டம் வாங்கியவனுக்கே ‘நிஜமாகவே வாங்கினோமா?’ என்ற ஐயம் தோன்றும் இடம் இது.

இவை யாவும் புறத்திணை. அகத்திணை ஒன்றே, அது திருத்திய பவேரிய வாய்பாடு.

ஜெர்மனியில் 1.0 தலைமகன், 4.0 தட்டுத்தடுமாறித் தேறியவன். அதற்கு மேல் ஏறினால் தோல்வி. பையன் 1.3 என்று அறிவித்த வீட்டில் தாத்தா, “எத்தனைக்கு?” என்று கேட்டுவிட்டு விடைக்குக் காத்திராமல் எழுந்து போய்விடுவார். நம்மூர்ப் புள்ளிகளை இந்தத் தலைகீழ் ஏணிக்கு மாற்றும் முறை வருமாறு: உச்சப் புள்ளியிலிருந்து மாணவன் பெற்றதைக் கழி. உச்சத்திலிருந்து தேர்ச்சி எல்லையைக் கழித்து வருவதால் அதை வகு. மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு. நூற்பா இவ்வளவே, உரைதான் முடிந்தபாடில்லை.

பத்துக்கு எட்டு வாங்கிய ஒருவனை எடுத்துக்கொள்வோம். தேர்ச்சி எல்லை 6 எனில் அவனுக்கு 2.5. எல்லை 5 எனில் 2.2. எல்லை 4 எனில் 2.0. பையன் அதே பையன். விடைத்தாளும் அதே விடைத்தாள். ஆகவே ஒருவனுடைய அறிவு அவனிடத்தில் இல்லை, அவன் கல்லூரியில் கடைசியாகத் தேறியவனிடத்தில் இருக்கிறது என்பது பெறப்படும். பல்கலைக்கழகம் சற்றே மனமிரங்கி இன்னும் இரண்டு பேரைக் கரையேற்றிவிடும்படி எல்லையைத் தாழ்த்தியிருந்தால், முதல் பெஞ்சில் இருந்தவன் மேதையாகியிருப்பான். அரியர் வைத்த நண்பனை அவன் இத்தனை காலம் ஏளனம் செய்தது எத்தகைய நன்றிக்கேடு!

இதனால் ஆறார், ஐந்தார், நான்கார் என மூன்று பள்ளிகள் தோன்றின. ஐந்தார் பள்ளி வேளச்சேரியில் ஒரு மொட்டைமாடி அறையில் பிறந்தது. அதன் முதலாசிரியர் இப்போது டிரெஸ்டனில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் பணியில் இருப்பதால், அவருரையை நம்மூர் விடியற்காலையில்தான் கேட்க இயலும் (காண்க: அவரது மூன்றாம் குரல் பதிவு, இரண்டாம் நிமிடம், டிராம் மணிக்குப் பின், குக்கர் விசிலுக்கு முன்). விசிலுக்குப் பின் அவர் கூறியதாக நான்கார் காட்டும் பகுதி இடைச்செருகல் என்பது ஆறார் கொள்கை. விசிலே இடைச்செருகல் என்பாரும் உளர் (காண்க: மேற்படி பதிவுக்கு அறைத்தோழர் அனுப்பிய மறுப்பு, அதற்கு அவர் தங்கை அனுப்பிய சிரிப்புப் பொம்மை, குறிப்பாக அதன் இடக்கண்).

இச்சிக்கலைத் தீர்க்கவல்ல மூலநூல் ஒன்று இருந்தது. வாட்ஸ்அப் குழுவொன்றில் அதன் ஒரே அடி இன்று எஞ்சியுள்ளது: “இந்தச் செய்தி நீக்கப்பட்டது.” அதன்கீழ் பதினோரு பேர் நன்றி கூறியிருத்தலின் நூல் சிறந்ததென்று துணியலாம். பன்னிரண்டாமவர், “ப்ரோ, இது போன வருஷத்தோடது” என்கிறார். இவர் காலத்தால் பிற்பட்டவர், கொள்ளற்க. ஆறாரும் ஐந்தாரும் இந்நூலைக் கண்ணால் கண்டதில்லை. எனினும் அவர் நூலில் இவரும் இவர் நூலில் அவரும் மேற்கோளாக விளங்குவதோடு, ஒருவர் மாணவருக்கு மற்றவர் புறத்தேர்வாளராகவும் அமைகின்றனர். பிற துறைகளில் இத்தகைய வழக்கம் இல்லாதது ஆறுதலளிக்கிறது.

அற்றேல், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடமே தேர்ச்சி எல்லை இன்னதென்று எழுதி வாங்கினால் தீராதோ எனின், தீராது. முதல் சாளரத்தில், “எந்த ரெகுலேஷன்?” என்பர். சொன்னால் இரண்டாம் சாளரத்தைக் காட்டுவர். இரண்டாம் சாளரம் சாப்பாட்டுக்குப் போயிருக்கும்.

பொருளியல் பகுதியைச் சுருங்கச் சொல்லலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் மியூனிக் 2024-25 குளிர்காலப் பருவத்திலிருந்து கட்டணம் பெறுகிறது; முதுநிலைக்குப் பெரும்பாலும் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. அந்தச் செய்தி வந்த அன்றே மியூனிக் அவ்வளவு நல்ல ஊரில்லை என்ற கருத்து தாம்பரம் முதல் தூத்துக்குடி வரை ஒருமுகமாகத் தோன்றியது. விசாவுக்கோ, ஓராண்டுச் செலவை முன்கூட்டியே ஒரு கணக்கில் போட்டுப் பூட்டிவைக்க வேண்டும். 2024 செப்டம்பரில் வைத்த தொகை 11,904 யூரோ. அங்கே போய்ச் சேர்ந்தபின் மாதம் 992 வீதம் அது திறக்கும். அப்பா கடன் வாங்கிக் கட்டிய பணத்தைப் பிள்ளை தவணையில் திரும்பப் பெறும் இம்முறையைச் செல்வச் செழிப்புக்குச் சான்றாகத் தூதரகம் ஏற்கிறது. வங்கி கடனுக்குச் சான்றாக ஏற்கிறது. இருவரும் பார்ப்பது ஒரே தாளைத்தான்.

ஐந்தார் பள்ளியின் குரல் பதிவுகளை இன்னும் முழுமையாகப் பதிப்பிக்கவில்லை. டிரெஸ்டனுக்கு நேரில் சென்று முதலாசிரியரைக் கண்டு, குக்கரையும் ஆராய வேண்டியுள்ளது. இதற்கு நிதிநல்கை கோருகிறோம். 11,904 யூரோ போதும். மாதம் 992 ஆகத் தந்தாலும் பெற்றுக்கொள்வோம்.